விழுந்து கிடப்பவனாக யார் நடிப்பது?

என் பிழையிலிருந்தே தொடங்குகிறேன். கொழும்பு வடக்கில் ஒரு கிறிஸ்தவப் பாடசாலையில் தரம் 5 படிப்பிக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தவக்காலத்தில், பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த அரிசி, பருப்பு, சீனி, பால்மா எல்லாவற்றையும் பொதிகளாகக் கட்டி, காலைக் கூட்டத்தில் மேடையில் வைத்துக் கொடுத்தோம். படமும் எடுத்தோம். பொதி வாங்க வந்த தாய்மாரில் ஒருவர் என் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா. அவன் மூன்று நாள் பாடசாலைக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்தவன் நேரே கடைசி வாங்கில் போய் உட்கார்ந்துகொண்டான்.

கொடுத்த பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு நான் பழக்கியது இரக்கமா, மேடையா?

அதற்குப் பிறகுதான் இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையை வேறு விதமாக எடுக்கத் தொடங்கினேன். விவிலியத்தில் லூக்கா 10ஆம் அதிகாரம். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் கள்வரிடம் அடிபட்டுக் கிடக்கிறான் ஒருவன். குரு பார்த்துவிட்டுப் போகிறார், ஆலயப் பணி செய்யும் லேவியர் பார்த்துவிட்டுப் போகிறார், சமாரியன் நின்றுவிடுகிறான். நாடகமாகப் போடலாம் என்றால் பாதி வகுப்பு ‘மிஸ், நான் சமாரியன்’ என்று கை தூக்கும். கள்வனாக நடிக்கவும் அடிபிடி. விழுந்து கிடப்பவனாக நடிக்க ஒருவரும் வரமாட்டார்கள்.

இப்போது எல்லோரும் ஒரு தடவை விழுந்து கிடக்க வேண்டும் என்பது விதி. கண்ணை மூடி, பாயில், ஒரு நிமிடம். மற்றவர்கள் பக்கத்தால் நடந்து போவார்கள். எழும்பியதும் ஒரு கேள்விதான் கேட்பேன்: ‘என்ன கேட்டது?’ ஒரு பிள்ளை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: ‘மிஸ், காலடிச் சத்தம் கிட்ட வந்திச்சு. இப்ப நிப்பாங்கன்னு நினைச்சேன். பிறகு தூரப் போயிடிச்சு.’ அன்றைக்கு நான் வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

இந்த நாடகத்தைச் சமய பாடவேளையில் வைப்பதில்லை. அந்த நேரம் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு அறைக்கும், சைவப் பிள்ளைகள் இன்னொரு அறைக்கும், இஸ்லாமியப் பிள்ளைகள் வேறொரு அறைக்கும் பிரிந்து போய்விடுவார்கள். ஒருவரையொருவர் கவனிக்கப் பழக்கும் பாடத்தை ஆட்களைப் பிரித்துவிட்டா நடத்துவது? தமிழ்ப் பாடத்தில் நடத்துகிறேன். திருக்குறளின் 58ஆம் அதிகாரத்துக்குக் ‘கண்ணோட்டம்’ என்று பெயர் இருப்பது அப்போது கைகொடுக்கும். இரக்கத்துக்கு நம் ஆட்கள் வைத்த பெயரிலேயே கண் இருக்கிறது.

சமாரியனை நாம் ஒரு நல்ல மாமாவாக ஆக்கிவிட்டோம். அந்தக் கதையை முதலில் கேட்ட யூதர்களுக்கு அவன் வேண்டாத இனத்தவன். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் இஸ்லாமியத் தீவிரவாதி ஒருவனின் தற்கொலைக் குண்டு வெடித்தது எங்களுக்கு நடந்து போகும் தூரத்தில்தான். பாடசாலை திறந்தபோது வாசலில் பைச் சோதனை. என் வகுப்பு முஸ்லிம் பிள்ளை ஒருத்தியின் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இடம் மாறினார்கள். யாரும் ஏசவில்லை, மாறினார்கள், அவ்வளவுதான். அவள் பையை மட்டும் நானும் இரண்டு தடவை பார்த்தேன். அன்று அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் அந்த உவமையின் கூர் எனக்கே விளங்கியது. ஆனால் சொந்தத்தில் ஒருவரைப் பறிகொடுத்த பிள்ளையிடம் போய் ‘நீ அவளிடம் அன்பாக இரு’ என்று நான் கேட்கவில்லை. துக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் இரக்கத்தை வசூலிக்கக் கூடாது. இடம் மாறிய மற்றவர்களோடுதான் பேசினேன். அடுத்த நாளிலிருந்து அவள் பக்கத்து வாங்கில் என் கதிரையைப் போட்டுக்கொண்டேன்.

பெரிய காரியங்களைவிட இடைவேளைச் சாப்பாட்டில்தான் இரக்கம் நன்றாகப் பழகும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் பல பிள்ளைகள் வெறும் தண்ணீர்ப் போத்தலோடு வந்தார்கள். பக்கத்துப் பிள்ளை பாசமாக நீட்டிய ரோல்ஸில் இறைச்சி. நீட்டப்பட்டவளுக்கு வெள்ளிக்கிழமை, சைவம். அவள் மறுத்ததும் இவளுக்குக் கோபம்: ‘குடுத்தா வேணாங்குறா!’ கொடுப்பதற்கு முன் ‘உனக்கு இது சரியா?’ என்று கேட்பதும், வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் இருப்பதும் பழக வேண்டிய விஷயங்கள் என்று அன்று நானும் கற்றேன். ‘ஐயோ பாவம்’ என்ற சொல்லை வகுப்பில் விடுவதில்லை.

பெற்றோரும் ஆசிரியர்களும் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இளகிய மனமுள்ள பிள்ளைதான் மற்றப் பிள்ளைகளின் ரகசியங்களையும் சுமக்கும். ‘வீட்டில அடிக்கிறாங்க, யாருக்கும் சொல்லாதே’ என்று சிநேகிதி சொன்னால், சொல்லாமல் இருப்பதே நட்பு என்று அது நம்பும். அப்படியான ரகசியத்தை நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லத்தான் வேண்டும், அது காட்டிக்கொடுப்பதாகாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தை எங்கள் வகுப்புச் சுவரில், பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒட்டியிருக்கிறோம்.

தவக்காலப் பொதிகள் இப்போதும் உண்டு. மேடை இல்லை, படம் இல்லை. யாருக்குப் போகிறது என்பது எனக்கும் உப அதிபருக்கும் மட்டும் தெரியும். போன வருடம் பொதி கட்ட வந்த ஒரு பையன் பிஸ்கட் பைக்கற்றை உள்ளே வைக்குமுன் நின்று கேட்டான்: ‘மிஸ், அவங்களுக்கு என்ன பிஸ்கட் விருப்பம்னு கேட்டீங்களா?’

கேட்கவில்லை. அடுத்த முறை கேட்பேன்.