பாடி கிட் மாட்டுகிறீர்களா? ஓட்டை எங்கே போடுவார்கள் என்று முதலில் கேளுங்கள்

காருக்கு பாடி கிட் (அழகுக்காக வெளியே மாட்டுகிற பம்பர், ஸ்கர்ட் மாதிரியான பாகங்கள்) மாட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் பதிலுக்குக் கேட்பது, வண்டி எந்த ஊரில் நிற்கும் என்பதைத்தான். மதுரையில் ஷெட்டுக்குள் நிற்கிற வண்டியும், மண்டபத்திலோ கீழக்கரையிலோ தொண்டியிலோ வாசலில் நிற்கிற வண்டியும் ஒன்றல்ல. ஐப்பசி, கார்த்திகையில் வாடை பாக் நீரிணைப் பக்கமிருந்து உப்பை அள்ளிக்கொண்டு வரும், வைகாசிக்கு மேல் கச்சான் காற்று மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து அதே வேலையைச் செய்யும். துருவுக்கு இங்கே ஓய்வு மாதம் கிடையாது.

நான் ராமநாதபுரத்தில் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். சொந்தக் காசில் வாங்கிய காரை ஆசைப்பட்டு அழகுபடுத்துவதில் தப்பே இல்லை. ஆனால் கிட் எந்த மாடல், என்ன கலர் என்று மாதக்கணக்கில் யோசிக்கிற தம்பிகள், அதை வண்டியில் எப்படிப் பிடித்து வைக்கப் போகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதுதான் எனக்குக் கவலை.

கம்பெனியில் காரின் கூட்டை மொத்தமாக ப்ரைமர் தொட்டியில் முக்கி எடுத்து, அதற்கு மேல்தான் பெயின்ட் அடிக்கிறார்கள். தகட்டின் உள்பக்கம் வரை அந்தப் பூச்சு போயிருக்கும். ட்ரில் மெஷினை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் அவ்வளவும் அந்த இடத்தில் போய்விடுகிறது. ஓட்டையின் விளிம்பு பூச்சே இல்லாத வெறும் இரும்பு. ட்ரில் பண்ணும்போது உதிர்கிற இரும்புத்தூள் வேறு உள்ளே விழுந்து அங்கேயே கிடந்து துருப்பிடிக்கும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ போட்டிருக்கிறேன், துருவே பிடிக்காது என்று சிலர் தைரியம் சொல்வார்கள். ஸ்க்ரூவுக்குப் பிடிக்காது, சரி. ஆனால் எஸ்.எஸ்ஸும் சாதா இரும்பும் ஒட்டியிருந்து நடுவில் உப்பு ஈரமும் இருந்தால், இரும்புதான் இன்னும் வேகமாக அரிக்கும். ஸ்க்ரூ பளபளவென்று இருக்கும், அதைச் சுற்றியிருக்கிற தகடு காணாமல் போயிருக்கும்.

இதைவிட மோசம், கதவுக்குக் கீழே மாட்டுகிற சைடு ஸ்கர்ட். கதவுக்கு அடியில் நீளமாக ஒரு பெட்டி மாதிரி ஓடுகிறதே, அந்த இடம்தான் வண்டியின் பலமே. உள்ளே போகிற தண்ணீர் வடிய அதன் அடியில் கம்பெனியே சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருக்கும். கிட்டை ஒட்டுகிற அவசரத்தில் சிலிகானைப் பூசி அதை அடைத்துவிடுகிறார்கள். வேறொரு இடத்தில் கிட் மாட்டிய வெள்ளைக் கார் ஒன்று, ஸ்கர்ட் ஆடுகிறது என்று என்னிடம் வந்தது. கழற்றியதும் உள்ளே இருந்து ஈர மணல் பொலபொலவென்று கொட்டியது. தனுஷ்கோடிக்குப் போகும்போதெல்லாம் போட்டோவுக்காக வண்டியை ரோட்டை விட்டு மணலில் இறக்கியிருக்கிறார்கள். மணலைத் துடைத்துவிட்டு ஸ்க்ரூ இருந்த இடத்தில் ஸ்க்ரூட்ரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், முனை உள்ளே போய்விட்டது. மேலே பெயின்டில் ஒரு கீறல் இல்லை. பக்கவாட்டில் ஒருவன் வந்து மோதினால் ஆளைக் காப்பாற்ற வேண்டிய இரும்பு அது.

அதனால் கூடிய மட்டும் ஓட்டையே வேண்டாம் என்பேன். வண்டியில் ஏற்கெனவே இருக்கிற கிளிப், போல்ட் இடங்களையே பயன்படுத்திப் பிடிக்கிற கிட்டாகப் பாருங்கள். மற்ற இடத்துக்கு நல்ல டபுள் சைடு டேப் போதும். ஆனால் நம் ஊரில் காலையில் கழுவின வண்டி மேலேயே சாயங்காலம் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு படிந்திருக்கும், அதன் மேல் ஒட்டினால் டேப் உப்பைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உடனே ஒட்ட வேண்டும். டேப் முழுப் பிடி பிடிக்க 72 மணி நேரம் ஆகும். அதுவரை வாட்டர் சர்வீஸும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம். மாட்டிய அன்றே பாம்பன் பாலத்துக் காற்றில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஓரம் தூக்கிவிட்டது என்று வந்தால் என்ன செய்வது?

ஓட்டை போட்டே ஆக வேண்டுமென்றால், பக்கத்தில் நின்று பாருங்கள். பிசிறு நீக்கி, தூளை எடுத்துவிட்டு, விளிம்புக்கு ஜிங்க் ப்ரைமர் அடித்து, அது காய்ந்த பிறகு பெயின்ட், உள்பக்கம் மெழுகு ஸ்ப்ரே. ஸ்க்ரூ நேரே தகட்டைக் கடிக்காமல் ப்ளாஸ்டிக் நட்டில் உட்கார வேண்டும்.

இன்னொன்று, வெயில். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ஏ.பி.எஸ். ப்ளாஸ்டிக் ஸ்கர்ட், காலைக்கும் மத்தியானத்துக்கும் 40 டிகிரி சூடு ஏறினால் இரும்பைவிட ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் கூடுதலாக நீளும். இரண்டு முனையையும் இறுக்கி வைத்தால் அது நடுவில் வளைந்து நெளியும், இல்லையென்றால் ஸ்க்ரூ ஓட்டையில் விரிசல் விடும். நடுவில் ஒன்றை மட்டும் இறுக்கி, முனைகளில் நீள்வட்டமாகத் துளை விட்டால் தானாக ஓடி நிற்கும். ஃபைபர் கிட் அவ்வளவு நீளாது, ஆனால் ஒரு ஆட்டை மோதினாலும் உடைந்து கத்தி முனையாக நிற்கும். நடந்து போகிறவர் மேல் பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எந்தக் கிட்டாக இருந்தாலும் பெயின்ட் அடிக்கும் முன் ஒரு தடவை வண்டியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உயரத்தையும் பாருங்கள். நம் சின்னக் கார்கள் பலவும் தரையிலிருந்து 160, 170 மில்லிமீட்டர்தான். முன் பம்பருக்குக் கீழே மாட்டுகிற லிப் அதில் அரை விரற்கடை தின்றாலும் போதும், ஊருக்கு ஊர் இருக்கிற வேகத்தடையில் உரசும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றில் இருக்கிற விவரம் கம்பெனி முதலில் கொடுத்த விவரத்துக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. புல் பார் (பம்பருக்கு முன்னால் மாட்டுகிற இரும்புக் கம்பி) மாட்டக் கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே சொல்லியாகிவிட்டது. கிட் மாட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், மாட்டின பிறகு கழுவுகிற விஷயம். இங்கே பல இடங்களில் போர் தண்ணீரே உப்புத்தான், அதில் வாட்டர் சர்வீஸ் செய்தால் உப்பை இன்னும் உள்ளே அடிக்கிறோம் என்று அர்த்தம். நல்ல தண்ணீர் இருக்கிற சர்வீஸ் ஸ்டேஷனாகத் தேடி, ஸ்கர்ட்டுக்கு அடியில் கீழிருந்து மேலாக அடிக்கச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, வாடை முடிந்து தை பிறந்ததும், ஸ்கர்ட்டைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். கழற்றின பழைய பம்பரை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எஃப்.சி.க்கோ விற்கவோ போகும்போது அது கட்டாயம் தேவைப்படும்.