டயோரமா: ஊடொளிக் காட்சியிலிருந்து குறுங்களம் வரை

ஒரு நிலத்துண்டை, அங்கே நடந்த ஒரு நொடியோடு சேர்த்து, சிறிய அளவில் முப்பரிமாணமாகச் செய்து நிறுத்துவதை இன்று டயோரமா என்கிறோம். பலகையின் மேல் ஒரு டாங்கியை ஒட்டி வைத்தால் அது வெறும் மாதிரிதான். டாங்கியின் தடம் சேற்றில் பதிந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவன் எதையோ கண்டு உடல் குனிய வேண்டும். அவன் பார்வை போகிற திசையில் ஒரு பதுங்குகுழி இருக்க வேண்டும். அப்போதுதான் அது டயோரமா ஆகிறது. போர்க்காட்சி மாதிரிகள் செய்பவர்களிடம் நாள்தோறும் புழங்கும் சொல் இது. தமிழில் எழுதும்போது அப்படியே எழுதிவிட்டுப் போகிறோம். தவறில்லை. ஆனாலும் இதற்கு நல்ல தமிழ்ச் சொல் ஒன்று வேண்டும், அது எளிதாகவே கிடைக்கும் என்று நம்புகிறேன்.

கிரேக்க மொழியில் 'தியா' என்றால் ஊடாக. 'ஹொராமா' என்றால் காட்சி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர், பார்ப்பவரைச் சுற்றி வட்டமாக எழும் பெரிய ஓவியம் ஒன்றைக் காட்டினார். அது 'பனோரமா' என்று பெயர் பெற்றது. அந்தச் சாயலில் பிறந்ததுதான் டயோரமா. லூயி டகேரும் சார்ல் மரி பூத்தோனும் 1822 ஜூலையில் பாரிசில் ஒரு காட்சி அரங்கைத் திறந்தார்கள். ஒளி ஊடுருவும் துணியில் மிகப்பெரிய ஓவியம். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் கூட்டிக் குறைக்கப்படும் வெளிச்சம். இருட்டில் அமர்ந்திருப்பவர் கண்முன்னே ஒரு பள்ளத்தாக்கில் பகல் மங்கும், மூடுபனி இறங்கும். பிறகு பார்வையாளர் அமர்ந்த மேடையே சுழன்று அடுத்த ஓவியத்தின் பக்கம் திரும்பும். 1839 மார்ச்சில் அந்த அரங்கு தீக்கிரையானது. ஒளிப்படக் கலையின் முன்னோடி என்று டகேரின் பெயர் உலகெங்கும் பரவியதும் அதே ஆண்டில்தான். அவர் வரைந்த டயோரமாக்களில் எஞ்சியிருப்பது பாரிசுக்கு அருகே பிரி சூர் மார்ன் தேவாலயத்தில் உள்ள ஒன்றுதான்.

ஆக, சொல்லின் வேர்ப்பொருள் 'ஒளி ஊடுருவப் பார்ப்பது'. இதில் சிறிய அளவும் இல்லை, பாவைகளும் இல்லை. அரங்குகள் மறைந்த பின்னும் சொல் மட்டும் நிலைத்தது. அருங்காட்சியகங்கள் அதை எடுத்துக்கொண்டன. பாடம் செய்த விலங்கை முன்னே நிறுத்தி, உண்மையான செடிகொடிபோல் செய்தவற்றை இடையே வைத்து, பின்சுவரில் வானத்தை வளைவாக வரைந்தார்கள். கார்ல் ஏக்லி வகுத்த ஆப்பிரிக்க விலங்குக் கூடம் 1936இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் திறக்கப்பட்டது. இந்த வகையின் உச்சம் அதுதான் என்பேன். மாதிரிக் கலைஞர்கள் கைக்குச் சொல் வந்தபோது காட்சி மேசையளவுக்குச் சுருங்கிவிட்டது. செயல் மட்டும் பழையது: வில்லியம் சைபோர்ன் என்ற படை அதிகாரி 70,000க்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு வீரர்களோடு வாட்டர்லூ போர்க்களத்தை அமைத்து 1838இலேயே லண்டனில் காட்டினார்.

மூன்று வேறு பொருள்களை ஒரே சொல் சுமக்கிறது. வேரைப் பிடித்து 'ஊடுகாட்சி' என்று பெயர்த்தால் டகேரின் அரங்கைத்தான் குறிக்கும். அதற்கு 'ஊடொளிக் காட்சி' இன்னும் துல்லியம். அருங்காட்சியகத்தில் உள்ளதற்குச் 'சூழற்காட்சி' போதும். மேசைமேல் இருக்கும் நம் பொருளுக்கு 'முப்பரிமாண மாதிரிக் காட்சி' என்பார்கள் சிலர். அது விளக்கம், பெயர் ஆகாது. நவராத்திரிக் கொலுவின் முன்னே மண் பரப்பி, கடுகு தூவி முளைக்கவைத்துப் 'பார்க்' அமைக்கும் வழக்கம் இந்தக் கலைக்கு மிக நெருங்கிய உறவுதான். ஆனால் கொலு என்ற சொல் வீற்றிருக்கும் அரசவையைக் குறிப்பது. அசைவு நிறைந்த காட்சிக்கு அதை நீட்ட முடியாது.

என் தேர்வு 'குறுங்களம்'. களம் என்பது போர் நடக்கும் இடம், நெல்லடிக்கும் இடம், கூத்தாடும் இடம்; ஏதோ ஒன்று நிகழும் நிலம். குறுங்காடு, குறும்படம் என்று பழகிய காதுக்குக் குறுங்களம் அன்னியமாக ஒலிக்காது. இதில் ஓர் ஆழமும் இருக்கிறது. 'முதல் எனப்படுவது நிலம் பொழுது இரண்டின் இயல்பு' என்கிறது தொல்காப்பியம். நிலமும் பொழுதும் முதலில், அங்கே வாழும் மரமும் விலங்கும் மக்களும் அடுத்து, அவர்களிடையே நிகழ்வது அதன்பின். நல்ல குறுங்களம் இந்த வரிசையில்தான் எழுகிறது. டாங்கியை முதலில் வாங்கி, அதற்கேற்ப மண்ணைத் தேடுகிறவர் பெரும்பாலும் தடுமாறுகிறார்.

ஓர் உண்மையான களத்தில் வைத்துப் பார்ப்போம். நிலம்: பப்புவாவின் (இன்றைய பப்புவா நியூகினி) வடகரையில் புனா, துரோபா தென்னந்தோட்டம். பொழுது: 1942 டிசம்பர் 18. ஸ்டுவர்ட் என்னும் இலகுரக டாங்கிகளோடு ஆஸ்திரேலியக் காலாட்படை ஜப்பானியப் பதுங்குகுழிகளை நோக்கி நகர்ந்த நாள். பதுங்குகுழி என்று பெயர்தானே தவிர, தோண்டினால் சீக்கிரமே நீர் ஊறும் தாழ்நிலம் அது. தென்னந்தடிகளை அடுக்கி, மேலே மண் குவித்துத் தரைக்குமேல் எழுப்பினார்கள். செடிகள் படர்ந்து மூடிக்கொண்டன. ஆகவே குறுங்களத்தில் அது குழியாகத் தெரியக்கூடாது, பசுமை போர்த்த மேடாகத் தெரிய வேண்டும்.

தென்னையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். உண்மையில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்ற அளவில் வீரன் ஐந்து சென்டிமீட்டர் உயரம். 20 மீட்டர் தென்னை அதே அளவில் 57 சென்டிமீட்டர்! கடையில் வாங்கி நடும் ஒரு சாண் தென்னை, இந்தக் கணக்கில் வெறும் எட்டு மீட்டர் கன்று. தோட்டத்தில் மரங்கள் எட்டு ஒன்பது மீட்டர் இடைவெளியில் நேர்வரிசையில் நிற்கும். 30 சென்டிமீட்டர் பலகையில் ஒரு வரிசையில் இரண்டு மரத்துக்குமேல் இடமில்லை. அடுத்த வரிசை பலகைக்கு வெளியே இருப்பதாகக் கண் நம்ப வேண்டும். அதனால் விளிம்பில் ஒரு மரத்தை வெறும் அடிமரமாக வெட்டி நிறுத்துவது நல்ல உத்தி. கொண்டை சிதைந்தால் தென்னை மீண்டும் துளிர்க்காது, கிளையும் விடாது. குண்டு விழுந்த தோப்பில் தலையில்லாத மொட்டை மரங்கள் நிற்பது அதனால்தான்.

தென்னையை அறிந்த மொழி நம்முடையது. மட்டை, கீற்று, ஈர்க்கு, பாளை, குரும்பை, பன்னாடை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பெயர்களே செய்ய வேண்டியவற்றின் பட்டியல். மெல்லிய கம்பியை நடுநரம்பாக வைத்து மடித்த தாளை இருபுறமும் நெருக்கமாகக் கத்தரித்தால் மட்டை கிடைக்கும். பழுத்த மட்டைகள் கீழ்நோக்கித் தொங்கிப் பழுப்பாக இருக்க வேண்டும், நடுக்குருத்து நிமிர்ந்து வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். மட்டைகளின் அடியில், பழுப்புச் சாயமிட்ட மருத்துவக் கட்டுத்துணியைச் சிறு துண்டாகச் சுற்றினால் அதுவே பன்னாடை. வெளிநாட்டுக் கிட்களில் (ஒட்டிச் சேர்க்கும் மாதிரித் தொகுப்புகளில்) நான் தேடியும் காணாதது இந்தப் பன்னாடைதான்; அதைச் சேர்த்தவுடன் மரத்துக்கு உயிர் வந்துவிடுகிறது.

வெப்பமண்டலம் என்றதும் எல்லாவற்றையும் ஒரே பச்சையில் மெழுகுவது இன்னொரு குறை. அடர்காட்டின் தரைக்கு வெயில் எட்டாது. அங்கே புல் குறைவு, மக்கிய இலைதான் அதிகம். அதன் நிறம் கரும்பழுப்பு. காய்ந்த இலையை நொறுக்கி, வடித்த தேயிலைத் தூளோடு கலந்து பரப்பலாம். புனாவின் திறந்த வெளிகளில் வளர்ந்த குனாய்ப்புல், மலேசியத் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த லாலாங்தான். ஆளை மறைக்கும் உயரம் அதற்கு உண்டு, ஆகவே ஐந்தாறு சென்டிமீட்டர் நார் வேண்டும். கடையில் விற்கும் குட்டைப் புல் உதவாது.

கடைசியாக மனித உருவங்கள். 'ஃபிகர்' என்பதற்குப் பொம்மை என்று சொல்ல மனம் வரவில்லை; பாவை இருக்கிறது. 'மரப்பாவை நாணால் உயிர்மருட்டி யற்று' என்கிறது குறள்: உயிர் இருப்பதுபோல் மயக்குவது பாவை. கயிறு இல்லாத நம் பாவைக்கு அந்த மயக்கம் நிற்கும் விதத்திலும் நிறத்திலும் வர வேண்டும். காக்கியைச் சாயத்தில் தோய்த்துப் பச்சையாக்கிய உடை, அதனால் திட்டுத்திட்டாக வேறுபடும் நிறம், வியர்வையில் முதுகும் அக்குளும் கருத்திருத்தல், முழங்கால்வரை சேறு, மலேரியா தின்ற ஒடுங்கிய கன்னம். விறைப்பாக நிற்கும் அணிவகுப்புப் பாவையை இங்கே வைத்தால் களம் முழுதும் பொய்யாகிவிடும்.

இந்தக் களத்தில் இன்னும் சிலர் இருந்தார்கள். உணவும் குண்டும் சுமந்துவந்து, காயம்பட்டவர்களைத் தூக்கிச் சென்ற பப்புவாச் சுமையாளர்கள். கிட்களில் அவர்கள் அரிது, எபாக்ஸி புட்டியில் (பிசைந்து வைத்தால் இறுகும் பசையில்) நாமே வனைய வேண்டும். வெறுங்காலும், இரண்டு கழிகளில் கம்பளி கட்டிய தூக்குப்படுக்கையும், பாரத்தில் இறங்கிய தோள்களும் செய்வதற்குக் கடினமானவை அல்ல. புனாவைக் குறுங்களமாக்குகிறவர் தூக்குப்படுக்கை சுமக்கும், துப்பாக்கியில்லாத நால்வருக்குப் பலகையில் இடம் ஒதுக்கிவிட்டு, டாங்கியைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்த வேண்டும் என்பது என் வேண்டுகோள்.