தொட்டியை யார் பார்ப்பது?

கண்ட்ரோல் பேனல் போட்டுக் கொடுப்பதும் ஆலை இயந்திரங்களை ஓட்டும் சின்ன கம்ப்யூட்டரான பிஎல்சிக்கு புரோகிராம் எழுதுவதும் என் தொழில். சில வருடங்களுக்கு முன் ஒரு ஆலையிலிருந்து ராத்திரி பதினொரு மணிக்கு போன். மேல்தொட்டி நிரம்பி வழிகிறது, மோட்டார் நிற்கவில்லை. போய்ப் பார்த்தால் திரையில் நீர்மட்டம் 62 சதவீதம். ஷிஃப்டில் இருந்த தம்பி அதைக் காட்டி, "இன்னும் ரொம்பலையே சார்" என்றார். ஜன்னலுக்கு வெளியே சுவரெல்லாம் தண்ணீர். மட்டம் பார்க்கும் மிதவை பாசி பிடித்துச் சிக்கியிருந்தது.

பிஎல்சி செய்வது இவ்வளவுதான்: சென்சார் சொல்வதைப் படிக்கும், எழுதிவைத்த கட்டளைகளை வரிசையாக ஓட்டும், மோட்டாருக்கோ வால்வுக்கோ உத்தரவு கொடுக்கும், திரும்ப முதலிலிருந்து தொடங்கும். ஒரு சுற்றுக்குச் சில மில்லிசெகண்டுதான். மிதவை பொய் சொன்னால் அந்தப் பொய்யையும் அதே வேகத்தில் நம்பும். தொட்டியைப் பார்க்க அதற்குக் கண் கிடையாது. தம்பிக்கு இருந்தது. ஆனால் திரையை மட்டும் பார்த்தால் போதும் என்று அவரைப் பழக்கியது என்னைப் போன்றவர்கள்தான்.

மின்சாரம், குடிநீர், ரயில் சிக்னல் எல்லாம் இன்று இப்படித்தான் ஓடுகின்றன. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில், மின்வாரிய ஊழியர்களின் கண்ணெதிரே மவுஸ் அம்புக்குறி தானாக நகர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சுகளான பிரேக்கர்களை ஒவ்வொன்றாக ஆஃப் செய்தது. மாதக்கணக்கில் முன்பே, மின்னஞ்சலில் வந்த ஒரு ஃபைல் வழியாக ஹேக்கர்கள் நுழைந்து பாஸ்வேர்டுகளைத் திருடியிருந்தார்கள். மூன்று விநியோக நிறுவனங்கள், சுமார் 2,25,000 இணைப்புகள், குளிர்காலம். துணைமின் நிலையங்களோடு பேசும் கருவிகளின் மென்பொருளையும் அழித்துவிட்டதால், உட்கார்ந்த இடத்திலிருந்து எதையும் திரும்ப ஆன் செய்ய வழியில்லை. ஊழியர்கள் வண்டி எடுத்துக்கொண்டு போய்க் கையாலேயே பிரேக்கர்களைப் போட்டார்கள். சில மணி நேரத்தில் மின்சாரம் வந்துவிட்டது.

கையால் போடத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். என்னைப் பயமுறுத்துவது இந்த இடம்தான். ஆட்டோமேஷன் வந்ததும் முதலில் வேலை போவது, எந்த வால்வு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆளுக்கு. சம்பளம் மிச்சம் என்று கணக்குப் போடுகிறார்கள், அவரோடு போகிற அனுபவத்துக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. அப்புறம், பேனல் கதவிலேயே ஒட்டிவைத்த பாஸ்வேர்டு, அவசரத்துக்கு பைபாஸ் செய்து அப்படியே விட்ட இன்டர்லாக் (ஆபத்தான நிலையில் இயந்திரம் ஓடாமல் தடுக்கும் பூட்டு), வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் நுழையும்படி எப்போதும் திறந்திருக்கும் ரிமோட் இணைப்பு. இதையெல்லாம் நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

இப்போதெல்லாம் வேலையை ஒப்படைக்கும் நாளில் சுவிட்சை மேனுவலில் போட்டு, ராத்திரி ஷிஃப்ட் ஆட்களையே ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்கிறேன். "அதான் ஆட்டோ இருக்கே, எதுக்கு சார்?" என்று முதலாளிகள் முகம் சுளிப்பார்கள். நான் விடுவதில்லை.

அந்த ஆலையில் தொட்டி உச்சியில் தனியாக ஒரு மிதவை சுவிட்ச் வைத்தோம். கம்ப்யூட்டர் என்ன நினைத்தாலும் சரி, அது நேராக மோட்டாரை நிறுத்திவிடும். தம்பி ஷிஃப்டுக்கு ஒரு தடவை ஏணியில் ஏறி, மட்டத்தைக் கண்ணால் பார்த்து நோட்டில் எழுதுகிறார். பக்கத்திலேயே திரை காட்டும் எண்ணும் இருக்கும்.