எலும்பு எண் சொல்லாது: உயிரியல் மானிடவியல் படிக்க வருவோருக்கு

மனித உடலையும் அதன் பரிணாமத்தையும் ஆராயும் உயிரியல் மானிடவியலின் முதல் செய்முறை வகுப்பில் நான் மாணவர் கையில் மண்டையோட்டைக் கொடுப்பதில்லை. கழுத்துக்குக் கீழே தோளையும் மார்பையும் இணைக்கும் காறையெலும்பு ஒன்றைத்தான் கொடுப்பேன். மார்பெலும்போடு சேரும் அதன் உள்முனையில் மெல்லிய மூடி போன்ற ஒரு பகுதி உண்டு. கைகால்களின் நீள எலும்புகளெல்லாம் வளர்ந்து முடிந்த பிறகும் அது ஒட்டாமல் காத்திருந்து, பெரும்பாலும் இருபதுகளின் பிற்பகுதியில்தான் முழுமையாக ஒட்டுகிறது. பாதி ஒட்டிய அந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்த உடனேயே "வயது 23" என்று எழுதிவிடுகிறார்கள். அதற்கு நான் மதிப்பெண் தருவதில்லை. பதின்பருவத்தின் இறுதியிலிருந்து முப்பதை நெருங்கும் வயது வரை என்ற வரம்பைத்தான் அந்த விளிம்பு தருகிறது. வரம்பைச் சுருக்க வேண்டுமானால் பல்லையும் இடுப்பெலும்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

துப்பறியும் தொடர்களைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இது ஏமாற்றமாகவே இருக்கும். இப்படிப்பில் எலும்புக்குச் சமமாகப் புள்ளியியலும் மரபியலும் உண்டு. கணக்கைத் தவிர்க்க நினைத்து இங்கே சேர்வது நல்ல யோசனையல்ல.

ஆண்டுதோறும் எவராவது ஒருவர், "இது எந்த இனத்தவரின் மண்டை?" என்று கேட்கிறார். மண்டையோடுகளை அளந்து மனிதரைத் தரம் பிரித்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் பழக்கம் அந்தக் கேள்வியில் ஒட்டியிருப்பதை அவர் அறிந்திருக்க மாட்டார். மனிதரிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள்குழுவுக்குள்ளேயே இருக்கிறது என்று மரபியலாளர் ரிச்சர்ட் லெவோண்டின் 1972-இல் கணக்கிட்டுக் காட்டினார். எதிர்பார்ப்பு கண்ணை மறைப்பதற்கு இங்கிலாந்தின் பில்ட்டவுன் மோசடியும் சான்று: மனித மண்டையோட்டோடு ஒராங்குட்டான் குரங்கின் தாடையைச் சேர்த்து, ஆதிமனிதனின் எச்சம் என்று 1912-இல் முன்வைக்கப்பட்ட அந்தப் பொய், 1953-இல்தான் முழுமையாக அம்பலமானது.

சேர்வதற்கு முன் துறையினரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்பவர் மிகச் சிலரே. ஆய்வகத்திலுள்ள எலும்புகள் யாருடையவை? இந்தியா 1985-இல் ஏற்றுமதியைத் தடை செய்யும்வரை, உலகின் பல கல்லூரிகளுக்கு எலும்புக்கூடுகள் அங்கிருந்து விலைக்குச் சென்றன. அவற்றுக்கு உரியவர்களிடம் சம்மதம் கேட்கப்பட்டதற்கான பதிவு பெரும்பாலும் கிடையாது. எங்கள் பதிவேட்டிலும் அந்தக் காறையெலும்புக்கு நேரே வாங்கிய ஆண்டு மட்டுமே இருக்கிறது. பெயருக்கான கட்டம் காலியாகவே கிடக்கிறது.