தோனல்: சொல் விளக்கம்

டொனால்டு என்று நாம் எழுதிவரும் பெயர் ஆங்கிலத்தின் வழியாக வந்தடைந்த வடிவமாகும். அதன் பிறப்பிடம் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களிலும் தீவுகளிலும் வழங்கும் கேலிக் மொழி. அயர்லாந்தின் கேலிக்கான ஐரிய மொழியின் பழைய வடிவில் ஏறத்தாழ ‘தொவ்னல்’ என்று ஒலித்த அது, அயர்லாந்தில் இன்று ‘தோனல்’ என்றும், ஸ்காட்லாந்தில் இடையிலிருந்த மெய்கள் தேய்ந்து ‘தோஅல்’ என்றும் வழங்குகிறது.

உலகை ஆள்பவன் என்பதே பெயரின் பொருள். கேலிக்கின் மூதாதையான மூலக் கெல்டிக் மொழியின் ‘தும்னோ’, ‘வலோஸ்’ என்னும் இரு சொற்கள் இணைந்து இது உருவானதாக மொழியியலார் மீட்டுரைக்கின்றனர். முதற்சொல்லின் அடிப்படைப் பொருள் ஆழம். உலகம் என்னும் பொருள் அதிலிருந்து கிளைத்தது. இன்றைய ஐரிய மொழியிலும் ஆழத்தைக் குறிக்கும் சொல்லும் உலகத்தைக் குறிக்கும் சொல்லும் நெருங்கிய உறவுடையனவாகவே நிற்கின்றன. இரண்டாம் சொல் வலிமையையும் ஆட்சியையும் சுட்டும். கி.மு. 54இல் சீசரின் ஆணைப்படி கொல்லப்பட்ட கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுத் தலைவன் தும்னோரிக்ஸின் பெயரிலும் அதே முதற்சொல் உண்டு.

ஈற்றிலுள்ள டகரம் கேலிக்கில் இல்லாதது. இறுதி லகரத்தைப் பிறமொழியார் கேட்ட விதமும், ரொனால்டு போன்ற செருமானியப் பெயர்களின் சாயலும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

மன்னர்க்குரிய பெயராகவே இது நெடுங்காலம் வாழ்ந்தது. 637இல் இன்றைய வட அயர்லாந்திலுள்ள மொய்ரா என்னுமிடத்தில் நடந்த போரில், அயர்லாந்தின் பேரரசன் தோனலும் மேற்கு ஸ்காட்லாந்தையும் வடகிழக்கு அயர்லாந்தையும் தழுவிய தால் ரியாதா நாட்டு அரசன் தோனல் பிரெக்கும் எதிரெதிரே நின்றனர்; உலகாள்வோர் இருவர் ஒரே களத்தில் மோத, முன்னவன் வென்றான். இருவரும் 642இல் இறந்தனர் என்பது வியப்புக்குரியது. பின்னர் 13ஆம் நூற்றாண்டில், ஸ்காட்லாந்துத் தீவுகளை முன்பு ஆண்ட அரசன் சோமர்லெடின் பேரனான மற்றொரு தோனலின் பெயர் ஒரு குலத்துக்கே பெயராயிற்று. 1493வரை ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளை ஆண்ட மக்டொனால்டு குலம் அதுவே. ‘மக்’ என்பது மகனைக் குறிக்கும் கேலிக் சொல்.

தமிழில் எழுதும்போது முதலெழுத்தாகத் தகரமே பொருந்தும், ஏனெனில் கேலிக் ஒலி நாநுனி பல்லைத் தொடப் பிறப்பது. டகரம் ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றியது. பொருளுக்கு நிகராக உலகநாதன் என்னும் பெயர் உடனே நினைவுக்கு வரும், ஆயினும் அதிலுள்ள நாதன் தலைமையைச் சுட்டுவது. ஆளும் வினையையும் உள்ளடக்கிய ‘உலகாள்வான்’ என்பதே மூலத்துக்கு மிக நெருங்கிய தமிழ்ச்சொல்.