அந்தப் பழைய அட்டையை உரிக்காதீர்கள்

ஐரோப்பாவில் பழைய தேவாலயப் பாட்டுப் புத்தகங்களின் தோல் ஏடுகளைப் பிரித்து, வேறு புத்தகங்களுக்கு உறையாகப் போட்டார்கள். அப்படிப்பட்ட உறை ஒன்றை மறுபடியும் உரித்திருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டு லத்தீன் புத்தகத்தின் தோலுறையை வெந்நீரில் ஊறவைத்து உரித்து, சிவப்புக் கோடுகளும் சதுர ஸ்வரக் குறிகளும் தெரியும் ஏட்டை மட்டும் விற்பனைக்குப் போட்டிருக்கிறார்கள். புத்தகம் குப்பைக்குப் போயிருக்கும்.

ஏடுதான் புதையல், அது போர்த்தியிருந்த புத்தகம் வெறும் குப்பை என்ற நினைப்பை முதலில் விடுங்கள். ஸ்வீடனில் மதச் சீர்திருத்தத்துக்குப் பின் (கத்தோலிக்கத்தை விட்டுப் புராட்டஸ்டன்ட் வழிக்கு மாறிய பின்) அரசு அதிகாரிகள் தேவாலயப் பாட்டுப் புத்தகங்களையும் பிற கையெழுத்து நூல்களையும் பிரித்து, வரிக்கணக்குகளுக்கு உறை போட்டார்கள். ஸ்டாக்ஹோம் தேசிய ஆவணக் காப்பகத்தில் மட்டும் அப்படி 22,000-க்கும் மேற்பட்ட துண்டுகள் உள்ளன. எந்த வட்டாரத்துக் கணக்கு, எந்த ஆண்டு என்று பல உறைகளின் மேலேயே எழுதியிருக்கும். பாட்டுப் புத்தகம் எங்கே, எப்போது பிரிக்கப்பட்டது என்பதற்குப் பெரும்பாலும் அந்தக் கணக்கு மட்டும்தான் சாட்சி. ஒரே புத்தகத்தின் ஏடுகள் பக்கத்துப் பக்கத்து ஆண்டுக் கணக்குகளில் சிதறிக் கிடக்கும். அந்தத் தடத்தைப் பிடித்துத்தான் அவற்றை ஒன்றுசேர்க்கிறார்கள். உரித்த ஏட்டுக்குத் தடமே கிடையாது. (மத வெறுப்பில் மட்டும் கிழித்தார்கள் என்பதும் தவறு. 1568இல் திருத்திய ஜெபப் புத்தகமும் 1570இல் திருப்பலிப் புத்தகமும் வந்தபின், கத்தோலிக்க நாடுகளிலும் பழையவை பைண்டர் கைக்குப் போயின.)

வெந்நீர் வேண்டவே வேண்டாம். நல்ல தோலே ஈரத்தில் 60 டிகிரி செல்சியஸை நெருங்கினால் சுருங்கும். சிதைந்த தோல் அதற்கு வெகு கீழேயே சுருண்டு பிசினாகிவிடும். புத்தக முதுகில் வஜ்ஜிரப் பசையால் ஒட்டிய பட்டையை இழுத்தால் தையலும் கூடவே வரும், மையின் ஒரு பகுதி பசையோடு போய்விடும். இஸ்திரிப் பெட்டி, செலோடேப், லேமினேஷன் எதுவும் கூடாது.

ஏடு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் இன்னொன்று. ஸ்வரங்கள் எழுதிய கோடுகள் எத்தனை, என்ன நிறம், மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று குறியுங்கள். பிரிந்த ஏடுகளைப் பொருத்த இந்த அளவு ரொம்ப உதவும். கோடே இல்லாமல் சொற்களுக்கு மேல் கொக்கியும் புள்ளியுமாகக் குறிகள் இருந்தால் உடனே 10ஆம் நூற்றாண்டு என்று சொல்லிவிடாதீர்கள். ஜெர்மன் பகுதிகளில் 12ஆம் நூற்றாண்டுக்குப் பிறகும் அப்படி எழுதினார்கள். முதல் நாலைந்து லத்தீன் சொற்களைக் கான்டஸ் (Cantus) என்ற, லத்தீன் தேவாலயப் பாட்டுகளின் இணையத் தரவுத்தளத்தில் தேடினால், எந்தத் திருவிழாவின் பாட்டு என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஏற்கெனவே உரித்த ஏட்டை வாங்கிவிட்டீர்களா? எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தது என்று விற்றவரிடம் இப்போதே கேளுங்கள், தயவுசெய்து. பதிலை அமிலமில்லாத உறையின் மேல் பென்சிலால் எழுதிவிட்டு, பிறகு ஏட்டை உள்ளே வையுங்கள்.