இகிகாய்: நோக்கமா, பிடிப்பா?

போன மாதம் அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்பு. திரையில் நான்கு வட்டங்கள்: உனக்குப் பிடித்தது, உனக்கு நன்றாக வருவது, உலகத்துக்குத் தேவையானது, காசு கிடைப்பது. நான்கும் ஒன்றையொன்று வெட்டும் நடுவில் 'இகிகாய்'. "ஜப்பான் மொழியில வாழ்வின் நோக்கம்னு அர்த்தம், ஆளுக்கு ஒண்ணு எழுதுங்க" என்றார் பயிற்சியாளர். பக்கத்து நாற்காலிக்காரர் 'வீட்டுக்கடன்' என்று எழுதி, அதை அடித்துவிட்டு 'தலைமைப் பண்பு' என்று எழுதினார். யூடியூபிலும் இதே 'வாழ்வின் நோக்கம்'தான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இகி என்றால் உயிர்வாழ்வது. காய் என்றால் பட்ட பாட்டுக்குத் தகுந்த பலன் (தங்கையில் வருகிற ககர ஒலி, கத்தரிக்காயோடு சேர்க்க வேண்டாம்). செய்கிற காரியத்துக்கு யாரிகாய், உழைப்புக்கு ஹதராகிகாய் என்று இதே வால் வேறு சொற்களிலும் ஒட்டும். அவ்வளவு சாதாரணமான சொல்.

சரி, நோக்கம் எங்கிருந்து வந்தது? அந்த வட்டப் படம் ஜப்பானியப் படமே இல்லை. ஸ்பெயின் நாட்டு ஜோதிடர் ஆந்த்ரேஸ் சுசுனாகா வரைந்தது, அதன் நடுவில் இருந்த சொல்லே 'நோக்கம்'தான். 2014இல் மார்க் வின் என்பவர் அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு 'இகிகாய்' என்று போட்டார், படம் உலகம் சுற்றியது. நம் ஆட்கள் மொழிபெயர்த்தது ஜப்பானியச் சொல்லை அல்ல, அவர் அடித்துவிட்ட சொல்லை!

ஜப்பானில் இதைப் பற்றி ஊன்றி எழுதியவர் மனநல மருத்துவர் கமியா மியெகோ, 1966இல். நாகஷிமா தீவில் தொழுநோயாளிகளிடையே வேலை பார்த்தவர். ஒரே நோய், ஒரே இடம், இருந்தும் சிலர் வெறுமையில் கிடக்கிறார்கள், சிலர் முகத்தில் உயிர் இருக்கிறது, ஏன் என்பதுதான் அவர் கேள்வி. அங்கே போய்க் 'காசு கிடைப்பது' வட்டத்தைக் காட்ட முடியுமா?

நோக்கம் என்பது நோக்குவதிலிருந்து வந்தது, தள்ளி இருக்கிற ஒன்றைப் பார்ப்பது. குறிக்கோளும் அதே சாதிதான். "குறிக்கோள் இலாது கெட்டேன்" என்று அப்பர் பாடியிருக்கிறார், பழைய, அழகான சொல், ஆனால் அங்கே பேச்சு வாழ்க்கை முழுவதையும் பற்றியது, காலையில் எழுந்திருப்பதைப் பற்றியது இல்லை. இலட்சியம் என்றாலே மேடையும் மைக்கும் வந்துவிடுகின்றன. நண்பர் ஒருவர் 'வாழ்பயன்' என்கிறார். தனித்தமிழ், சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் காதில் பிறவிப்பயன் என்று விழுந்து நேராக மோட்சத்துக்குப் போய்விடுகிறது. பற்று? அதை விடச் சொல்லித்தான் வள்ளுவர் முதல் எல்லாரும் ஆயிரம் வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நம்மிடம் சொல் இருக்கிறது: பிடிப்பு. பெரியப்பா போன பிறகு பெரியம்மா தனியாகத்தான் இருக்கிறார். ஊருக்குப் போனபோது எங்களோடு வந்துவிடுங்கள் என்றேன். பின்கட்டுப் படியில் ஒரு வெள்ளைப் பூனை, கொட்டாங்கச்சியில் பால். "நான் வந்துட்டா இதுக்கு யாரு ஊத்துவா? ஏதோ ஒரு பிடிப்பு இருக்கணும்ல" என்றார். வட்டம் எதுவும் போடவில்லை.

கமியா இகிகாய் என்ற சொல்லில் இரண்டைப் பிரிக்கிறார்: வாழவைக்கிற பொருள் ஒன்று, அதனால் வரும் உணர்வு மற்றொன்று. "பேரப்பிள்ளைதான் ஒரே பிடிப்பு" என்பது முதலாவது, "வாழ்க்கையில் பிடிப்பே இல்லை" என்பது இரண்டாவது. ஒரே சொல் இரண்டையும் தாங்குகிறது. இதற்கு மேல் ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு என்ன வேண்டும்? ஆனால் எடுக்கமாட்டார்கள். வீட்டில் பேசுகிற சொல் என்றால் நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு கூச்சம், அட்டையில் போட்டால் எடுப்பாக இருக்காது என்று 'வாழ்வின் உன்னத நோக்கம்' என்று உன்னதத்தையும் சேர்த்துவிடுவார்கள்.

தசைப்பிடிப்போடு குழம்பிவிடும் என்று ஒருவர் ஆட்சேபித்தார். "வாழ்க்கையில பிடிப்பில்லை" என்று சொன்னவரிடம் தைலம் எடுத்து நீட்டிய தமிழரை நான் இன்னும் பார்க்கவில்லை.